சாரத்து நாற்காலிப் பருவம்

"மூணுதான் இருக்கு. நான் என்ன வீட்டுல வச்சிக்கிட்டா வஞ்சனை பண்றேன்?"

"மூணுல நடுவுல இருக்கறது தலைவருக்கு. மிச்சம் ரெண்டு. டாக்டருங்க எத்தினி பேரு, அதச் சொல்லு."

"மூணு பேரு."

"அதத்தான் கேக்கறேன். மூணு பேரும் ரெண்டு சேர்ல எப்பிடிய்யா உக்காருவாங்க?"

"அந்தம்மா கீழ லேடீசோட உக்காந்துக்கும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். மேல ஏறிடுச்சே."

"அப்ப ஒரு பெஞ்ச தூக்கிப் போட்டுடலாம்."

"பெஞ்சோட டெஸ்கும் சேந்து வரும். ஆணி அடிச்சி வச்சிருக்கான். அதுல உக்காந்தா டாக்டருங்க மூணாங் கிளாஸ் படிக்கற மாதிரி இருக்கும்."

இப்படிப் பேசிக்கொண்டவர்களில் நாற்காலிக்குக் கணக்குச் சொன்னவர் புதுச்சேரியின் சாரம் பகுதி வாசகர் மன்றத்தின் பொருளாளர் கொளஞ்சி. கணக்குக் கேட்டவர் அதன் செயலாளர் வடிவேல். பள்ளிக்கூடத்து மேடையின் ஓரத்தில், திரைச்சீலையின் மறைவில், ஒலிபெருக்கிக்குக் கேட்காத தூரத்தில் இவர்கள் நின்றார்கள். இவர்களை உலகம் மறந்துவிடலாம். பனி மூடிய சமவெளிகளிலும் திராட்சைத் தோட்டத்துச் சரிவுகளிலும் நிகழ்ந்த பெரும்போர்கள் எல்லாம்கூட, பெயர் தெரியாத இரண்டு பேர் ஏதோ ஒரு கூடாரத்தின் ஓரத்தில் நின்று எதையோ எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்று தலையைச் சொறிந்ததில்தான் தொடங்கியிருக்கின்றன.

ஆகவே, அஞ்சலாட்சி, உன்னைப் பாடுகிறோம். பஞ்சுத்தூசி படிந்த குலத்தில் உதித்த செஞ்சுடரே, ஆலைச் சங்கின் ஓசையில் கண்விழித்து வளர்ந்தவளே, தலைமையும் சமூக மாற்றமும் என்னும் கரைகாணாக் கடலில் ஆண்டுக்கணக்காய் மூழ்கி, மூச்சுத் திணறி, தட்டச்சு செய்து, கெட்டி அட்டை கட்டிய தடித்த ஆய்வேட்டைக் கையில் ஏந்திக் கரையேறியவளே, சாரத்தின் முதல் பெண் டாக்டரே, ஊசி போடத் தெரியாத காரணத்தால் உன் தெருவாரால் இன்றுவரை ஐயத்தோடு பார்க்கப்படுபவளே, நீ வாழ்க. நான்கு கால்களும் இரண்டு கைகளும் கொண்டு, நடக்கவும் பேசவும் ஆகாமல், ஆனால் நடப்பவரையும் பேசுபவரையும் ஆட்டிவைக்கும் நாற்காலி என்னும் தெய்வமே, நீயும் அருகில் வந்து நில். உன் பொருட்டு மூன்று பேரறிஞர் மோதிய கதையைச் சொல்லப் போகிறோம். நா பிறழாமல் காப்பாயாக.

எண்பத்தாறாம் ஆண்டு, சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. புதிதாக டாக்டர் பட்டம் பெற்ற மூவருக்கு மன்றத்தார் எடுத்த பாராட்டு விழா. புதுச்சேரியின் பிற்பகல் மூன்று மணி மற்ற ஊர்களின் மூன்று மணி அல்ல. கப்பலேறிப் போன பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கொடியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். மத்தியானத் தூக்கத்தை மட்டும் மடித்து எடுத்துப் போக மறந்தார்கள். அது இங்கேயே தங்கி, வேர்விட்டு, வேட்டி கட்டிக்கொண்டது. டீக்கடை நீங்கலாக, பகல் ஒரு மணிக்குச் சாத்தப்படும் கடைக் கதவுகள் நாலரைக்கு முன்னால் திறப்பதில்லை. இடி விழுந்தாலும், அரசு கவிழ்ந்தாலும், வாசலில் நின்று அழுதாலும் திறப்பதில்லை. சாரத்தில் நாற்காலி வாடகைக்கு விடும் கடையும் அப்படியே சாத்திக் கிடந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான மடக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய், உறங்கும் படைவீரர்போல் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் அடியில் பாய் விரித்து அவற்றின் அதிபதியும் உறங்கிக்கொண்டிருந்தார்.

காலையிலேயே போய் எடுத்திருக்கலாம். மன்றத்தார் எடுக்கவில்லை. மூன்று டாக்டர்களில் ஒருத்தி பெண் என்பதால் அவள் கீழே பெண்களோடு முன்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள் என்று அவர்கள் யோசிக்காமலே முடிவு செய்திருந்தார்கள். யோசித்திருந்தால் அதே முடிவுக்கு இன்னும் சற்று விரைவாக வந்திருப்பார்கள். தலைமையாசிரியர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அவை மேடையேறின. நடு நாற்காலிக்கு மட்டும் பூப்போட்ட துண்டு ஒன்று போர்த்தப்பட்டு, அது தலைவர் முசியே தேவதாசுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு அரசுக் கச்சேரியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து, 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசியே' என்று அழைக்கப்பட்டு ஓய்வுபெற்று, இந்தக் காலத்திலும் பிரெஞ்சுப் பிராங்கில் பென்ஷன் வாங்கும் பெருமகன் அவர். தலைவருக்குரிய நாற்காலியில் தலைவர் வராதவரை ஈயைத் தவிர வேறு எவரும் அமர்வதில்லை என்பது புதுச்சேரியில் எழுதப்படாத சட்டம்.

இனி மேடையில் நின்ற மூவரையும் அவர்கள் ஏந்திய ஆயுதங்களையும் கூறுவோம். இத்தகைய வரலாறுகளில் வீரர்களின் கவசத்தையும் குதிரையையும் வருணிப்பது மரபு. இம்மூவருக்கும் குதிரை இல்லை, ஆய்வேடு இருந்தது.

முதல்வர் டாக்டர் ஜானகிராமன். கண்ணாடி அணிந்த பொறுமைப் பெருமலை. வீராம்பட்டினத்து மீனவர் கூடிப் பேசும் அவையில் ஆண்டுக்கணக்காய் ஓரமாக உட்கார்ந்து, 'ஒருமனத் தலைமை' என்னும் கோட்பாட்டைக் கண்டுபிடித்தவர். அங்கே ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் கூட்டம் கலைவதில்லை, எல்லாரும் சம்மதிக்கும்வரை எவரும் எழுவதில்லை, ஆகவே தலைவன் என்பவன் முடிவெடுப்பவன் அல்லன், மற்றவர்கள் முடிவெடுக்கும்வரை களைக்காமல் இருப்பவன் என்று அவர் நிறுவினார். அவருடைய ஆய்வு முடிந்துவிட்டது, இனி அவர் வரமாட்டார் என்று கேள்விப்பட்ட நாளில் மீனவர்கள் விவாதமே இல்லாமல் ஒருமனதாக மகிழ்ந்தார்கள் என்பது ஆய்வேட்டில் இடம்பெறவில்லை.

இரண்டாமவர் டாக்டர் தெய்வசிகாமணி. விட்டுக்கொடுத்தே வென்ற வித்தகர், புன்னகையைக் கேடயமாகவும் 'நீங்க முதல்ல' என்பதை வேலாகவும் கொண்டவர். ஊருக்கு மேற்கே விவசாயக் கிராமம் ஒன்றின் பால் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொண்டு, 'வழிவிடும் தலைமை'யை ஆராய்ந்தார். பதவியை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பவனே மெய்த்தலைவன் என்று உறுப்பினர்களுக்கு ஓயாமல் எடுத்துச் சொன்னார். அவர்களும் பண்போடு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போட ஆளில்லாமல் கேன் கேனாகப் பால் திரிந்தது. 'இக்கட்டத்தில் அதிகாரம் முற்றிலும் கரைந்துவிட்டது' என்று அதை அவர் ஆய்வின் வெற்றியாகப் பதிவு செய்தார்.

மூன்றாமவள் நம் தலைவி. ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் நூற்புப் பிரிவுப் பெண்கள் வாசலில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்கென்று தலைவி எவரையும் நியமிக்காமலே ஒரு போராட்டத்தை நடத்தி முடித்ததை ஆராய்ந்தவள். அவள் ஆய்வேட்டின் பெயர், அந்தோ, 'நாற்காலியற்ற தலைமை'. அதிலும் நான்காம் அத்தியாயம், மாற்றத்தை விரும்புவோர் உயரத்தில் அமரும் ஆசையை முதலில் துறக்க வேண்டும் என்று அறைந்து கூறுகிறது. அந்த அத்தியாயத்தை எழுதிய இரவுகளில் அவள் தரையில் சப்பணமிட்டு அமர்ந்துதான் எழுதினாள். வீட்டில் நாற்காலி கிடையாது.

இத்தகையவள் நாற்காலிக்காக ஏன் போரிட்டாள்? அதற்கான காரணம் கூடத்தின் கடைசியில், வாசற்படியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவர் பெயர் கன்னியப்பன். அஞ்சலாட்சியின் தந்தை. முப்பது வருடம் ஆலையில் தறி ஓட்டியவர், தறி முன்னால் நின்றவர், மேஸ்திரி அறையில் மேஸ்திரியின் நாற்காலிக்கு முன்னால் நின்றவர், சம்பளத்துக்கு நின்றவர், ஆலை மூடியபின் ஆலை திறக்குமா என்று கேட்டு நின்றவர். இப்போது தட்டாஞ்சாவடியில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை ஒன்றில் காவலாளி. ஐந்து மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டே விழாவுக்கு வந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்ன கொளஞ்சியிடம், "பூட்டு கெட்டுப் போச்சிப்பா, சைக்கிள விட்டுட்டு வந்தா எவனாச்சும் ஓட்டிக்கினு போயிடுவான்" என்று மறுத்துவிட்டார்.

அவர் அன்று காலையில் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீ என்ன படிச்ச, என்ன எழுதன, அதெல்லாம் எனக்குப் புரியாது பாப்பா. மேடையில நாலு பேரு எதுர சேர்ல உக்காந்திருக்கறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிடறேன். நாலரைக்கெல்லாம் கிளம்பிடுவேன்."

"உக்காருவேன்பா. எல்லாரும் உக்காரத்தான போறோம்" என்று அவள் சாதாரணமாகச் சொல்லியிருந்தாள். ஆழம் அறியாமல் சபதம் செய்த அரசிகளின் வரிசையில் அந்தக் கணமே அவளும் சேர்ந்துவிட்டாள்.

போரின் முதற்கட்டம் அசைவற்றது. இரு நாற்காலிகளையும் மும்முறை கண்ணால் அளந்த ஜானகிராமன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, படைகளுக்கு முன் ஓலை வாசிக்கும் தூதனைப்போல் இவ்வாறு முழங்கினார்:

"நண்பர்களே, அவசரப்பட வேண்டாம். யார் அமர்வது என்பதில் நம் மூவருக்கும் ஒருமித்த கருத்து ஏற்படும்வரை, எவரும் அமராமல் இருப்பதே முறை."

மீனவர்கள் எல்லாரும் சம்மதிக்கும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அதைத் தலைகீழாக்கி, எல்லாரும் சம்மதிக்கும்வரை உட்காராமல் நிற்க வைத்தார். ஆய்வு என்பது வளர்ந்துகொண்டே போவது. ஆகவே மூன்று டாக்டர்களும் இரண்டு வெறும் நாற்காலிகளுக்கும் துண்டு போர்த்திய ஒரு நாற்காலிக்கும் பின்னால், உறைபனியில் எதிரெதிர் நின்று எண்ணிக்கைக்குக் காத்திருக்கும் துப்பாக்கிச் சண்டைக்காரர்களைப்போல் நின்றார்கள். உறைபனிக்குப் பதிலாக வியர்வை வழிந்தது. மேலே ஓடிய மின்விசிறி 'டக், டக்' என்று நொடிகளை எண்ணியது.

கீழே முன்பெஞ்சில் இருந்த சின்னப்பாப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவள், அஞ்சலாட்சிக்குப் பேட்டி கொடுத்தவள், பேட்டி கொடுத்த நேரத்தில் அவளை அனுப்பிக் குழாயில் தண்ணீர் பிடித்துவரச் செய்தவள்.

"ஏ தனக்கொடி, மூணு பேரும் வெறப்பா நிக்கறாங்களே. பாட்டு போடப் போறாங்களா?"

"எந்தப் பாட்டு?"

"எழுந்து நிப்பாங்களே, அந்தப் பாட்டு."

பக்கத்தில் இருந்த தனக்கொடி எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவள் பெஞ்சு எழுந்தது. அந்தப் பெஞ்சைப் பார்த்து அடுத்த பெஞ்சு. ஒரு கடலலை பின்வாங்காமல் மேலெழுந்து போவதுபோல் கூடம் முழுவதும் எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாட்டுக்காகக் காத்து நின்றது. பாட்டு வரவில்லை. ஜானகிராமனின் கண்கள் மட்டும் பனித்தன. "பார்த்தீர்களா, ஒரு சொல் பேசாமல் ஒரு சமுதாயமே ஒருமனப்பட்டுவிட்டது" என்று அவர் தழுதழுத்தார். பிறகு கடைசிப் பெஞ்சிலிருந்து யாரோ இருமியவாறே உட்கார, அந்த ஒருமனம் வந்த வழியே முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"பாட்டு வராதுன்னா முன்னாடியே சொல்றதுக்கு என்னவாம்? முட்டி வலிக்குது" என்றாள் சின்னப்பாப்பா.

இரண்டாம் கட்டத்தைத் தெய்வசிகாமணி தொடங்கினார். அவர் இடப்பக்கத்து நாற்காலியின் முதுகைப் பற்றி, அதைப் பின்னால் இழுத்து, அஞ்சலாட்சியின் பக்கம் திருப்பி, இடுப்பு வளைந்து வணங்கினார். அந்த வணக்கத்தில் சிம்மாசனங்களைத் தூக்கியெறிந்து துறவுபூண்ட அத்தனை மன்னர்களின் சாயலும் இருந்தது.

"மேடம், நீங்க உக்காருங்க. நான் நிக்கறேன். வழிவிடறதுலதான் என் சந்தோஷம்."

சொன்னார், ஆனால் பற்றிய கையை விடவில்லை. அஞ்சலாட்சி நன்றி சொல்லி ஓரடி வைத்தாள். நாற்காலி ஓரங்குலம் பின்வாங்கியது. இன்னோரடி வைத்தாள். அது இன்னும் ஓரங்குலம் பின்வாங்கியது. வழிவிடுபவர் வழிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமானால் வழி முடிந்துவிடக் கூடாது அல்லவா. இதைக் கண்ட ஜானகிராமன் மின்னல்போல் பாய்ந்து வலப்பக்கத்து நாற்காலியின் முதுகைப் பற்றினார். பற்றியபின் தாமும் அதை அவளுக்கே அளித்தார்.

"இதுல உக்காருங்க மேடம். அவர் அந்த நாற்காலிய எனக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிச்சா, எனக்கு இதுல முழுச் சம்மதம்."

"நான் ஏற்கெனவே மேடத்துக்கு விட்டுக்கொடுத்தத உங்களுக்கு எப்படி சார் விட்டுக்கொடுக்கறது? அந்த நாற்காலிய நீங்க மேடத்துக்குக் கொடுத்துட்டா, இத நான் யாருக்கும் கொடுக்காம வச்சிக்கலாம்."

இரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணுக்கு வழங்கப்பட்டன, இரண்டிலும் அவளால் உட்கார முடியவில்லை. இரு பேரரசுகள் ஒரு சிற்றரசுக்கு ஒரே நாளில் விடுதலை அளித்து, விடுதலைப் பத்திரத்தின் ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்ட கதையாயிற்று.

அஞ்சலாட்சி வாசலைப் பார்த்தாள். காக்கிச் சட்டை எட்டிப் பார்த்தது. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மலைக்கணவாயை அடைத்து நின்ற படைகளுக்கு முன்னால் வாளை உருவிய வீராங்கனைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர்கள் யாரும் அவ்வளவு இறுக்கமாகச் செருகியதில்லை. அவள் தெய்வசிகாமணியின் நாற்காலியை நோக்கிப் பக்கவாட்டில், அவர் எதிர்பாராத கோணத்தில், வேகமாகப் போனாள். கைப்பிடி அவள் விரலில் பட்டும்விட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து ஜானகிராமன் அந்த நாகாஸ்திரத்தை ஏவினார். மெல்லிய குரலில், வருத்தத்தோடு, அடிக்குறிப்பு சொல்லும் பாவனையில் ஏவினார்:

"உங்க நாலாவது அத்தியாயத்த நான் மூணு தடவ படிச்சிருக்கேன் மேடம். உயரத்துல உக்கார்ற ஆசைய மொதல்ல துறக்கணும்னு எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க."

அம்பு தைத்தது. தன் வில்லிலிருந்து தானே விட்ட அம்பு, ஊரெல்லாம் சுற்றி, தேர்வாளர்களின் பாராட்டையும் பெற்று, பட்டம் பளபளக்கத் திரும்பி வந்து தன் மார்பிலேயே தைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? தலைவியின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. அவள் உதட்டில் நான்காம் அத்தியாயம் அசைந்தது. தரையைப் பார்த்தாள். தரை சுத்தமாகத்தான் இருந்தது. சப்பணமிட்டு அமர்ந்தால் கோட்பாடு பிழைக்கும், கூடம் கைதட்டும், நாளைக்கு எவராவது அதைக் கட்டுரையாகவும் எழுதுவார்கள். முன்பெஞ்சிலிருந்து சின்னப்பாப்பா கூப்பிட்டாள்.

"ஏண்டி அஞ்சலாச்சி, கீழ விழுந்தத தேடறியா? கம்மலா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் தரையப் பாக்கற? உங்கப்பன் அங்க கழுத்த நீட்டிக்கினு நிக்கறாரு, கொக்கு மாதிரி."

அஞ்சலாட்சி தலை நிமிர்ந்தாள். ஜானகிராமனைப் பார்த்து அவள் சொன்னது, தலைமை பற்றிய ஆய்வுலகில் எவரும் மேற்கோள் காட்டப் போகாத ஒரு வாக்கியம்.

"அத எழுதறப்ப எங்கப்பா வாசல்ல சைக்கிளப் புடிச்சிக்கினு நிக்கல சார்."

ஜானகிராமன் இதற்கு மறுப்புரை தேடிக் கண்ணாடியைக் கழற்றினார். தெய்வசிகாமணி, "அருமையாச் சொன்னீங்க மேடம், நான் வழிவிடறேன்" என்று நாற்காலியை இன்னும் சற்றுப் பின்னால் இழுத்தார். அது இப்போது மேடையின் பின்சுவரைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் வழிவிட இடமில்லை. ஒரு பேரறிஞர் தன் கோட்பாட்டின் எல்லைச் சுவரை முதன்முதலில் முதுகால் உணர்ந்த தருணம் அது.

இந்தச் சமயத்தில் வடிவேல் ஒலிபெருக்கியைக் கைப்பற்றினார். கூட்டம் கலைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு. டாக்டர்களின் சாதனைகளை உரத்த குரலில் எடுத்துரைக்கலானார். "தலைமை என்றால் என்ன என்று இந்த உலகத்துக்கே எடுத்துச் சொன்ன மும்மூர்த்திகள்" என்று அவர் ஒலிக்க, அவருக்குப் பின்னால் மும்மூர்த்திகளில் இருவர் நாற்காலியை இழுக்கும் 'கிறீச்' ஒலியும் உடன் ஒலித்தது. "சமூகத்தை மாற்ற வந்த சான்றோர்கள்" என்றார், கிறீச். "இவர்கள் எங்கே போனாலும் மக்கள் பின்தொடர்வார்கள்" என்றார். அப்போது கடைசி வரிசையில் இருந்த நான்கு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். கொளஞ்சி ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார். சமாதானத் தூதுவனின் முகத்தோடு நின்றார். மூவரும் முக்காலியைப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி அதை உடனே ஜானகிராமனுக்கு விட்டுக்கொடுத்தார். ஜானகிராமன் அதற்குத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றார். முக்காலி வந்த வழியே டீக்கடைக்குத் திரும்பியது. அதில் உட்கார்ந்திருந்தவர் அதுவரை கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாராம்.

மணி நாலே கால் ஆனது.

அப்போது பக்கவாசல் வழியே, வேர்த்து விறுவிறுத்து, முசியே தேவதாஸ் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவாசை உள்ளே வந்தார். மேடைக்கு அருகில் வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், மைக்கைப் பிடித்திருந்தவரே பெரியவர் என்று முடிவுசெய்து வடிவேலிடம் சொன்னார். மைக் அதைக் கூடம் முழுவதற்கும் சொன்னது.

"முசியே தூங்கறாரு. எழுப்புனா கோவம் வரும், எழுப்ப முடியாது. படுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, முழிப்பு வந்தா வரேன், வரலன்னா நல்லபடியா நடத்திக்கச் சொல்லுன்னு."

கூடத்தில் எவரும் கோபப்படவில்லை. மத்தியானத் தூக்கத்தைக் குறை சொல்லும் துணிவு புதுச்சேரியில் எவருக்கும் கிடையாது. ஆனால் மேடையில் அந்தச் செய்தி, முற்றுகையிடப்பட்ட நகருக்கு வெளியே எதிரிப்படை இரவோடிரவாகக் கூடாரம் பெயர்த்துப் போய்விட்டது என்ற செய்தியைப்போல் இறங்கியது. தலைவர் வரவில்லை. நடு நாற்காலி விடுதலை பெற்றது. மூன்று டாக்டர்கள், மூன்று நாற்காலிகள். கணிதம் தன் கருணைக் கரத்தை நீட்டியது. வடிவேலின் தோள்கள் தளர்ந்தன. கொளஞ்சி சிரித்தார். தெய்வசிகாமணி சுவரில் முட்டிய நாற்காலியை விட்டார். ஜானகிராமனும் தமது கையை எடுத்தார். அஞ்சலாட்சியின் நெஞ்சில் ஒரு நிம்மதி எழுந்தது, அது எழுந்து முடிவதற்குள்ளாகவே, இரு ஆண்மக்களின் பார்வைகளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பூப்போட்ட துண்டின்மேல் போய் விழுந்தன.

இனி நடந்ததைச் சொல்ல ஆயிரம் நாவுள்ள ஆதிசேஷனும் தண்ணீர் கேட்பான். ஓர நாற்காலிக்கே இவ்வளவென்றால் நடு நாற்காலிக்கு எவ்வளவு? அது வெறும் நாற்காலி அல்ல. அது அச்சு. அது மையம். குழுப்படம் எடுத்தால் அதில் இருப்பவரின் இருபுறமும்தான் மற்றவர்கள் இருப்பார்கள்.

"விட்டுக்கொடுக்கறவன் நடுவுல இருந்தாத்தான் ரெண்டு பக்கத்துக்கும் விட்டுக்கொடுக்க முடியும்" என்று பிரகடனம் செய்தார் தெய்வசிகாமணி. அவர் குரலில் அன்றுவரை ஒளிந்திருந்த பேரிகை ஒன்று முழங்கியது.

"ஒருமனம்னா நடுவுல இருந்துதான் பரவணும். இதுல விவாதத்துக்கே இடம் இல்ல" என்றார் ஜானகிராமன். தம் வாழ்நாளில் விவாதத்துக்கு இடமில்லை என்று அவர் சொன்னது அதுவே முதல்முறை.

இருவரும் பாய்ந்தார்கள். துண்டு பறந்தது, ஒரு கொடியைப்போல் மேலெழுந்து, மின்விசிறிக் காற்றில் சுழன்று, வடிவேலின் தலையில் இறங்கியது. இரு மலைகள் ஒரு பள்ளத்தாக்கில் ஒரே நேரத்தில் இறங்குவதுபோல், வலப்பாதியில் ஜானகிராமனும் இடப்பாதியில் தெய்வசிகாமணியும் இறங்கினார்கள். நாற்காலி முனகியது. பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும், ஒருவர் தோளை ஒருவர் தோளால் நெருக்கியும், முகத்தில் மட்டும் சபைக்குரிய புன்னகையைக் கலையாமல் காத்தும், அவர்கள் கால்களைத் தரையில் ஊன்றிப் போரிட்டார்கள்.

"சார், கொஞ்சம் எழுந்தீங்கன்னா நான் வழிவிட்டுடுவேன்."

"மொதல்ல நீங்க எழுந்திரிக்கறதுக்குச் சம்மதிங்க சார்."

கூடம் மூச்சடக்கிப் பார்த்தது. "யாரு கெலிப்பாங்க?" என்று தனக்கொடி கேட்க, "கண்ணாடிக்காரரு நல்லா ஊனி உக்காந்திருக்காரு" என்று சின்னப்பாப்பா கணித்துச் சொன்னாள்.

அப்போது வாசலில் ஓர் ஒலி எழுந்தது. 'டங்' என்று சைக்கிள் ஸ்டாண்டு தட்டிவிடப்படும் ஒலி. இரும்புக் கதவுப் பட்டறை கூப்பிட்டுவிட்டது. கன்னியப்பன் சைக்கிளை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஒலி அஞ்சலாட்சியின் செவியில் போர்முரசாக விழுந்தது. அவள் பார்த்தாள்: இருவரும் நடு நாற்காலியில் சிக்கியிருந்தார்கள்; இடப்பக்கத்து நாற்காலி, எவராலும் பற்றப்படாமல், எவராலும் வழங்கப்படாமல், எவர் சம்மதத்துக்கும் காத்திராமல், சுவரோரமாகத் தனியாக நின்றது. அவள் போனாள். அத்தியாயங்களைக் கடந்து போனாள். அடிக்குறிப்புகளை மிதித்துப் போனாள். தேர்வாளர்களின் பாராட்டுரைகளை விலக்கிப் போனாள். புயலில் திசை தப்பிய கப்பலின் மாலுமி வெகுநாள் கழித்துத் துறைமுகத்து விளக்கைக் கண்டு சுக்கானைத் திருப்புவதுபோல் திரும்பினாள். நாற்காலியைச் சுவரிலிருந்து தன் கையாலேயே இழுத்து, முன்னால் வைத்தாள். மேடை ஓரத்தில், அதன் இடக்கோடியில், வரிசைக்கு நேராக வைத்தாள். செருகிய தலைப்பை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டாள். உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று எளிதாக எழுதிவிட்டோம். பனிச்சிகரத்தின் உச்சியில் முதல் மனிதன் கால்வைத்ததை 'ஏறினான்' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுவதில்லையா, அப்படி. முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டது. இரு கைகளும் இரு கைப்பிடிகளில் அமர்ந்தன. ஆலைச் சங்கு ஊதி எழுப்பிய விடியல்களும், தறி முன்னால் நின்ற முப்பது ஆண்டுகளும், மேஸ்திரியின் அறையும், அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியும், எல்லாம் அவளோடு சேர்ந்து ஒருமுறை உட்கார்ந்து எழுந்தன. சின்னப்பாப்பா முதலில் கைதட்டினாள், தனக்கொடி தட்டினாள், பிறகு கூடமே தட்டியது. இதை ஒருமனம் என்று குறித்துக்கொள்ள ஜானகிராமனுக்குக் கை ஒழியவில்லை. நடுவில் அவரும் தெய்வசிகாமணியும் கோத்த தோள்களோடு இன்னும் ஒரே நாற்காலியில் முக்கிக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிள் நின்றது. வெற்றித்திருமகள் தன் இரு கைகளையும் கைப்பிடிகளில் வைத்தபடியே, நெற்றி வியர்வை மின்ன, தலையை மெல்ல வாசலை நோக்கித் திருப்பினாள். கன்னியப்பன் திரும்பிவந்து, வாசற்படியில் ஒரு காலும் பெடலில் ஒரு காலுமாக நின்று, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தார்.

"பாப்பா, கொஞ்சம் நடுப்பக்கமா தள்ளி உக்காரும்மா, தூணு மறைக்குது."